94 புள்ளிகள்

2019-இல் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டாரும் கன்ட்ரோலரும் செய்கிற இடம். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது; எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுவிட்டுப் போனது. நடுவில் சிவப்பாக ஒரு தீவு, அதைச் சுற்றி ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ஓரத்தில் கருநீலம். கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வங்கக் கடல்லயா? எப்ப கரையைக் கடக்குது?" என்று கேட்டாராம்.

அது புயல் இல்லை, மோட்டாரின் எஃபிஷியன்ஸி மேப். படுக்கை அச்சில் மோட்டார் சுற்றும் வேகம், நிமிர் அச்சில் டார்க், அதாவது அது முறுக்கும் பலம். பேட்டரியிடம் வாங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்டின் சுழற்சியாக வெளியே வருகிறது என்பதை அந்தந்த இடத்தின் நிறம் சொல்லும். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பயனுறு திறன் என்று படித்தோம். நல்ல சொல்தான். ஆனால் டெஸ்ட் பெட்டில் நின்றுகொண்டு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எஃபிஷியன்ஸி, அவசரத்துக்கு 'எஃபி'.

எனக்கு மோட்டார் புதிதில்லை. அப்பாவுக்குக் கோயமுத்தூர் கணபதியில் ரீவைண்டிங் கடை. பம்ப் செட் மோட்டார் வந்தால், அரை மணி நேரம் ஓடவிட்டு, உடம்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கையை வைக்க மாட்டார். கசிவு இருந்தால் கை மூடிக்கொண்டு ஒட்டிவிடும் என்பார். "சூடாப் போறது பூராவும் நாம காசு குடுத்து வாங்குன கரண்டு சாமி" என்று அவர் சொன்னதுதான் எஃபிஷியன்ஸி பற்றி நான் படித்த முதல் பாடம். பிறகு எம்.இ. படிக்கும்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2004-ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா பிரியஸைப் பிரித்து, அதன் மோட்டாரை டைனோவில் ஏற்றி வரைந்த மேப்பைப் பார்த்தேன். மலையேறும் வரைபடம் போல வளையம் வளையமாகக் கோடுகள். வளையத்தின் ஓரத்தில் 90, 92 என்று எண்கள். இதை நானே ஒரு நாள் வரைய வேண்டும் என்று அப்போது தோன்றியது. வரைவது எவ்வளவு சுலபம், சரியாக வரைவது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரியாது.

டைனோ என்பது பார்க்க ஒன்றுமில்லை. கனமான இரும்புப் படுக்கையில் இரண்டு மோட்டார்கள் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நிற்கும். நடுவில் சொம்பு அளவுக்கு ஒரு டார்க் சென்சார். ஒரு பக்க மோட்டார் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். மறுபக்கம் நம்முடையது, அதை முறுக்கும். 48 வோல்ட் டி.சி. சப்ளை எத்தனை ஆம்பியர் கொடுக்கிறது என்று பவர் அனலைசர் காட்டும். டார்க்கை வேகத்தால் பெருக்கி, உள்ளே போன வாட்டால் வகுத்தால் ஒரு புள்ளி முடிந்தது.

நான் போட்ட திட்டம் இது. வேகம் 500-இல் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக 6000 ஆர்பிஎம் வரை, மொத்தம் 12. டார்க் 2-இல் தொடங்கி இரண்டு இரண்டாக 24 நியூட்டன் மீட்டர் வரை, அதுவும் 12. கட்டம் கட்டினால் 144. ஆனால் மோட்டாரால் ஏறக்குறைய 5 கிலோவாட்டுக்கு மேல் முடியாது. வேகம் ஏற ஏற டார்க் இறங்கும். அதனால் வலது மேல் மூலை முழுக்கக் காலி. அளக்க முடிந்தவை 94 புள்ளிகள்.

டெஸ்ட் பெட்டைப் பார்த்துக்கொண்டவர் கோபிக்காரர், அப்பா வயதில் பாதிக்கு மேல். எனக்கு அண்ணா; அவருக்கு நான் அம்மிணி. கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகும் என்று எத்தனை முறை சொன்னாலும், நீளமான கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தன் கையால் எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. ஒரு வேகத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் வைண்டிங் வெப்பநிலை 65-க்கும் 75-க்கும் நடுவில் வரும்வரை காத்திருப்பார். எனக்குப் பொறுமை போகும். செம்பு 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் மின்தடை 30 சதவீதம் ஏறிவிடும் என்று சூத்திரம் சொல்லும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாம் நாள் மதியம், பெரிய ஃபேனை மோட்டார் பக்கம் திருப்பிவிட்டு அவர் டீ குடிக்கக் கிளம்பும்போது, 80-இலேயே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றத்தான் செய்தது. "எடுத்துக்கலாமுங்க. அப்பறம் பாதிப் படம் பங்குனி வெயில்ல போட்டது, மீதி மார்கழில போட்டதுன்னு ஆயிருமுங்க" என்றார்.

94 புள்ளியும் முடிந்தது. ஆபீசில் மேட்லாப் லைசன்ஸ் இரண்டுதான். பெரியவர்கள் வீட்டுக்குப் போன பிறகே என் முறை வரும். ஆறரை மணிக்கு உட்கார்ந்து, எண்களை அட்டவணையாக ஏற்றி, இடைவெளியை நிரப்பி வளையம் வரையும் கட்டளையைக் கொடுத்தேன். படம் வந்தது. சுவரில் இருந்ததைவிட அழகு. தீவு 2000 ஆர்பிஎம், 16 நியூட்டன் மீட்டரில் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது. அன்று இரவே மெயில் போட்டேன். மறுநாள் மேனேஜர் சார் எல்லோருக்கும் காட்டினார். வண்டி டிசைன் செய்கிறவர்கள், மோட்டார் மெதுவாகச் சுற்றி அதிகமாக முறுக்கும் இடத்தில் நன்றாக இருக்கிறதென்றால் கியர் விகிதத்தை 7-இலிருந்து 5-க்குக் குறைக்கலாமே என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு டெஸ்ட் பெட்டுக்குப் போனேன்.

"அண்ணா, நீங்க எழுதுன 94 புள்ளியுந்தானுங்க இது."

கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே வேகம், பக்கத்தில் டார்க் என்று விரலால் தடவிக்கொண்டே போனவர் சிவப்பில் நிறுத்தினார்.

"செரியாத்தான் போட்டிருக்கீங்க அம்மிணி. இந்த எடத்துலதான் கொதிக்கும். ரெண்டாயிரத்துல பதினாறு போட்டுப்போட்டா, எழுபதுக்கு எறங்க அரை மணி நேரம் ஃபேன் ஓட்டோணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இல்லீங்கண்ணா, செகப்புன்னா சூடில்லைங்க. செகப்புதான் இருக்கறதுலயே நல்ல எடம். நெறைய எஃபி."

அவர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படின்னா தலைகீழா இருக்குதுங்க."

நோட்டை எடுத்துவந்து பிரித்தார். 2000-இல் 16: 85 ஆம்பியர். அப்படியே கீழே வந்து 4000-இல் 8: 77.5 ஆம்பியர். "ரெண்டு எடத்துலயும் வெளிய வர்றது ஒண்ணேதானுங்களே. அங்க 85 குடிக்குது, இங்க 77 குடிக்குது. அப்பறம் அது எப்படீங்க நல்ல எடம்?"

இரண்டிலும் வெளியே வருவது 3350 வாட்தான். ஓரிடத்தில் 82 சதவீதம், இன்னோரிடத்தில் 90. ஓரிடத்தில் 730 வாட் சூடாகப் போகிறது, இன்னோரிடத்தில் 370. டார்க் இரண்டு மடங்கானால் செம்பில் எரிவது நான்கு மடங்கு. எல்லாம் படித்ததுதான். தீவு 4000-இல் இருக்க வேண்டும். என் படத்தில் 2000-இல் இருந்தது.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. அண்ணனின் நோட்டைப் போலவே என் அட்டவணையும் ஒரு வேகத்துக்கு ஒரு வரி. மேட்லாப் எதிர்பார்ப்பது வேறு: வரி என்றால் அதற்கு நிமிர் அச்சு. நான் கொடுத்த அட்டவணையை அது புரட்டிப் படித்துவிட்டது. வேகம் 12, டார்க் 10 என்று இருந்திருந்தால் கணக்கு ஒட்டவில்லை என்று சிவப்பு எழுத்தில் கத்தியிருக்கும். 12-க்கு 12, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குப் பொருந்தும். வாயைத் திறக்கவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மோட்டாரின் எல்லைக்கோடு காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். வேகத்தின் எத்தனையாவது படி, டார்க்கின் எத்தனையாவது படி என்று இரண்டையும் பெருக்கினால் 48-ஐத் தாண்டக் கூடாது, அதுதான் 5 கிலோவாட் எல்லை. 4-ஐயும் 12-ஐயும் பெருக்கினாலும் 48, 12-ஐயும் 4-ஐயும் பெருக்கினாலும் 48. புரட்டிப்போட்ட படத்திலும் வெள்ளை மூலை அதே இடத்தில், அதே வளைவோடு நின்றது. அப்படி ஒரு பொருத்தத்தை நானே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் செய்திருக்க முடியாது.

திருத்தம் ஒரே ஒரு எழுத்து. அட்டவணையின் பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி. மேட்லாபில் அது வரியை நிரலாக்கிவிடும். அந்தக் குறியைப் போட ஒரு நொடி ஆனது. "என் படம் தவறு, கியர் பற்றி எடுத்த முடிவை நிறுத்தி வையுங்கள்" என்று மெயில் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. அதிலிருந்து நான் போடுகிற எந்தக் கட்டமும் சதுரமாக இருக்காது. 13-க்கு 11, 14-க்கு 9. புதிதாகச் சேர்கிறவர்கள் ஏன் இந்தக் கோணல் என்று கேட்பார்கள்.

ஜெட் என்ற அந்த நிற வரிசையையும் அப்போதுதான் கைவிட்டேன். மேட்லாப் 2014-இலேயே அதை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டது. பைத்தானின் மேட்பிளாட்லிப்பும் 2017-இல் விரிடிஸுக்கு மாறிவிட்டது. எங்கள் ஆபீசில் மட்டும் சுவரில் இருந்த படம்தான் சட்டம். ஜெட்டில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஏதோ மதில் சுவர் இருப்பது போலத் தெரியும். எண்ணைப் பார்த்தால் ஒன்றரை சதவீதம்கூட வித்தியாசம் இருக்காது. கறுப்பு வெள்ளை பிரிண்டரில் போட்டால் நடுத் தீவும் கடைசி ஓரமும் ஒரே கருஞ்சாம்பல். விரிடிஸில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராக ஏறும். "இது என்ன, பாசி பிடிச்ச மாதிரி" என்றார் மேனேஜர் சார். பிறகு பழகிக்கொண்டார்.

இன்னொரு நாள் 108 சதவீதம் வந்தது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். அங்கே வகுப்பதைத் திருப்பிப் போட வேண்டும், நான் போடவில்லை. 108 கோயிலுக்கும் ஆம்புலன்சுக்கும் நல்ல எண், மோட்டாருக்கு ஆகாது என்று அண்ணன் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இதெல்லாம் உடனே தெரிந்துவிடுகிற பிழை; நூறைத் தாண்டினால் யார் கண்ணிலும் படும்.

கண்ணில் படாதது கீழே இடது மூலையில் இருந்தது.

வண்டி ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கணக்கிட என் மேப்பைக் கேட்டார்கள். அப்போது இந்தியன் டிரைவிங் சைக்கிள் என்ற ஓட்ட அட்டவணையை வைத்துப் பார்ப்போம். ஒரு சுற்று 108 விநாடி (இங்கேயும் அந்த எண் விடவில்லை), அதிகபட்சம் மணிக்கு 42 கிலோமீட்டர். நகரத்து சிக்னல்களுக்கு நடுவே ஏறி, இறங்கி, நிற்கிற ஓட்டம். ஒவ்வொரு விநாடிக்கும் வண்டி கேட்கிற வேகத்தையும் டார்க்கையும் கணக்கிட்டு, மேப்பின் மேல் கறுப்புப் புள்ளிகளாகத் தூவினேன்.

எல்லாம் 3300 ஆர்பிஎம்முக்குள், 6 நியூட்டன் மீட்டருக்குக் கீழே, ஒரு மூலையில் எறும்புக் கூட்டம் போல மொய்த்தன. நாங்கள் கொண்டாடிய தீவில் ஒன்றுகூட விழவில்லை. 42-இல் சீராகப் போக மோட்டார் தர வேண்டியது 2 நியூட்டன் மீட்டர்தான். அதைவிட மெதுவாக என்றால் இன்னும் குறைவு. வண்டியின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே. நாங்கள் அளந்ததோ 2-இல்தான் ஆரம்பம். ஏழு நிலை ராஜகோபுரத்தை அங்குலம் அங்குலமாக அளந்துவிட்டு, குடியிருக்கிற திண்ணையை விட்டுவிட்டோம்.

ஆனால் படத்தில் அந்த இடம் காலியாக இல்லை! அங்கும் நிறம் இருந்தது. அளக்காத இடத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு வார்த்தை கொடுத்தால் மென்பொருள் நிரப்பிவிடும். நான் கொடுத்திருந்தேன். அம்மா வாசலில் கோலம் போடும்போது ஒரு புள்ளி விட்டுப்போனால் இழை வந்து அங்கே தடுமாறி நின்றுவிடும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விட்டுப்போன வரிசையின் மேலேயே வளையம் வழுக்கிக்கொண்டு போயிருந்தது.

1500 ஆர்பிஎம், 1 நியூட்டன் மீட்டர் என்ற ஒரே புள்ளியை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் உள்ள 2 நியூட்டன் மீட்டரில் அளந்தது 78 சதவீதம். அருகில் இருப்பதை நகலெடு என்றால் இங்கேயும் 78 என்கிறது. டார்க் பூஜ்யத்தில் எஃபிஷியன்ஸியும் பூஜ்யம், நடுவில் நேர்கோடு போடு என்றால் 39 என்கிறது. 78-ஆ, 39-ஆ? இதில் எதை எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ற கிலோமீட்டர் விளம்பரத்தில் வரும்.

அப்பாவின் புறங்கைதான் வழி காட்டியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் யோசித்தது அப்படித்தான்: சதவீதத்தை விடு, சூடாகப் போவதைப் பார். கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக 1500-இல் சுற்றவிட்டால் 70 வாட் தின்கிறது. 2 நியூட்டன் மீட்டரில் 88 வாட் வீணாகிறது. சதவீதம் பூஜ்யத்திலிருந்து 78-க்கு ஒரே தாவாகத் தாவும் இடத்தில், வீணாவது 70-இலிருந்து 88-க்கு மெல்லச் சாய்கிறது, அவ்வளவுதான். அந்தச் சாய்வில் கோடு போட்டால் 1 நியூட்டன் மீட்டரில் 79 வாட். வெளியே வருவது 157. சதவீதம் 66 சொச்சம். நகலும் இல்லை, நேர்கோடும் இல்லை. அன்றிலிருந்து இடைவெளியை நிரப்புவது வீணாகும் வாட்டில்; சதவீதம் கடைசியில் வகுத்துக்கொள்வது.

இருந்தாலும் அது கணக்குதானே, அளந்ததில்லையே. புது மேப்பில் அளந்த இடங்களில் எல்லாம் சின்ன வெள்ளைப் புள்ளி வைத்தேன். 2-க்குக் கீழே நிறமே இல்லாமல் விட்டேன். "ஃபுல்லா கலர் வராதாம்மா?" என்று மேனேஜர் சார் கேட்டார். வரும் சார், ஆனால் அங்கே நாம் போகவே இல்லை என்றேன். "அப்ப போயிட்டு வாங்க" என்றார். கோபமா, சம்மதமா என்று இன்றுவரை தெரியாது.

போவதில் ஒரு சிக்கல். எங்கள் டார்க் சென்சார் 50 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை சகஜம். அதாவது 0.05. 20-ஐ அளக்கும்போது தூசு. 1-ஐ அளக்கும்போது நூற்றுக்கு ஐந்து. ஐம்பது கிலோ மூட்டை நிறுக்கிற தராசில் ஒரு கிலோ துவரம் பருப்பை நிறுக்கிற கதை. தெரிந்த இடத்தில் 10 நியூட்டன் மீட்டர் சென்சார் ஒன்றை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கினோம். எங்கள் மோட்டாரோ 24 வரை முறுக்கும். கை தவறினால் கடன் வாங்கிய பொருள் போயிற்று.

அண்ணன் டயல் கேஜை வைத்துத் தண்டுகளை நேராக்கவே எட்டரை மணி ஆகிவிட்டது. மென்பொருளில் 3 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதபடி எல்லை வைத்தேன். "வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு டி.சி. சப்ளைக்குப் போய் 12 ஆம்பியருக்கு மேல் தராதபடி திருகி, திருகியின் மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினார்.

ஓடவிட்ட பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. வைண்டிங் 40-ஐத் தாண்டவில்லை. இவ்வளவு குறைந்த வேலைக்கு மோட்டார் சூடாகவே மாட்டேன் என்கிறது. வெளியே ஓசூர் டிசம்பர் குளிர். 65 வராமல் அண்ணன் பேனாவைத் திறக்க மாட்டார். மூன்று நாள் ஃபேன் போட்டு ஆற்றியவர், ஸ்டோருக்குப் போய் இரண்டு சாக்கு எடுத்துவந்து மோட்டாருக்குப் போர்த்திவிட்டார். வேகத்தை ஏற்றி ஓடவிட்டு, ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டோம். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததை, கோபியில் மஞ்சள் விலை இறங்கியதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்கு 66 வந்தது.

சாக்கை எடுத்தார். 1500-க்கு இறக்கினேன். 1.00 நியூட்டன் மீட்டர். எண்கள் கொஞ்ச நேரம் ஆடி நின்றன. 4.87 ஆம்பியர். நான் ஃபோனில் வகுத்தேன்: 67.2.

அவர் அதற்குள் நோட்டில் எழுதிவிட்டு, சாக்கை மறுபடி மோட்டார் மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தது எத்தனைங்க அம்மிணி?"

"ரெண்டாயிரமுங்கண்ணா. அதே ஒண்ணு."